அண்ணாச்சி பணத்து இன்ஜின்

கொடிமரத்துக் குப்பத்தில் மீன் விலை பேசுகிறவர்களைவிட மண் விலை பேசுகிறவர்கள் பெருத்துப்போன காலம் இது. முன்பெல்லாம் விடிந்ததும் எந்தப் போட்டுக்கு என்ன பாடு, எந்தப் படகு எவ்வளவு மீன் கொண்டுவந்தது என்று விசாரிப்பார்கள். இப்போது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், மெட்ரோ எந்தப் பக்கம் மேலே வருகிறது, மந்தைவெளியில் சதுரடி என்ன போகிறது, ராஜா அண்ணாமலைபுரத்தில் பழைய பங்களாவை இடித்தவன் எத்தனை மாடி எழுப்பினான் என்பதுதான் பேச்சு. சொந்தத்தில் கால் வைக்க இடமில்லாதவன்கூட வாயில் சதுரடி வைத்திருந்தான்.

இந்தப் பேச்சுக்கெல்லாம் தலைமைப் பூசாரி வீட்டு புரோக்கர் நாகராஜ். கடற்கரைச் சாலையோரம் காவேரி ஏலத்தில் எடுத்த மீனைப் பலகை போட்டு விற்கும் இடத்துக்குத் தினமும் வந்துவிடுவான். மீன் வாங்க அல்ல. பக்கத்தில் எலுமிச்சம்பழமும் கொத்தமல்லியும் விற்கும் அமீனா பீயின் குடை நிழல் அவனுக்கு ஆபீஸ்.

"யக்கா, நீ இன்னாத்துக்கு இந்தக் கானாங்கத்தயக் கட்டிக்கினு அழுவுறே? நீ குடியிருக்கிற எடம் தங்கம். கடல் தெரியுற வூடு மெட்ராஸ்ல எத்தினி கீது, சொல்லு."

"கடலு எங்களுக்கு தினோம் தெரியுது நைனா. அதுக்கு யாரும் துட்டு தர்ல."

"தருவான். இப்ப வாங்குறவன்ல ரெண்டு தினுசு. ஒர்த்தன் குடியிருக்க வர்றான். தண்ணி உப்பா, மீன் கவுச்சி வருமா, மழைக்கு ரோட்டுல தண்ணி நிக்குமான்னு ஆயிரம் கேள்வி கேப்பான். இன்னொர்த்தன் துட்ட நட்டு வைக்க வர்றான். அவன் ஒண்ணியும் கேக்க மாட்டான். அஞ்சு வர்சம் கழிச்சு இன்னா ரேட்டு போவும்னு மட்டுந்தான் கேப்பான். கடலோரம் கட்டக் கூடாதுன்னு சட்டம் கீறதால இன்னிக்கு வெல அடங்கிக் கெடக்குது. இப்ப வாங்கிப் போட்டவன்தான் ராஜா."

காவேரி சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டே சிரித்தாள். "மீனு வெயிலேறுனா நாறும். அதான் நாங்க பன்னெண்டு மணிக்குள்ள வந்த வெலைக்குத் தள்ளி வுட்டுர்றோம். மண்ணு நாறாதில்ல. அதான் அவங்க சாஞ்சி குந்திக்கினு வெல சொல்றாங்க."

காவேரியின் வீடு குப்பத்தின் கடைசி வரிசையில் இருந்தது. இரண்டு அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, முன்னால் வலை விரிக்கும் அளவுக்கு மணல். மாமனார் காலத்தில் பட்டா கிடைத்த வீடுகளில் ஒன்று. வாசலில் நின்றால் கடல்; பின்பக்கம் திரும்பினால் ராஜா அண்ணாமலைபுரத்து அடுக்குமாடிகள் ஒன்றின் தோளில் ஒன்று எட்டிப் பார்க்கும். அவள் புருஷன் தேசப்பனுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் போட்டு. போட்டு நன்றாகத்தான் இருந்தது. இன்ஜின்தான் வைகாசியில் நடுக்கடலில் மண்டையைப் போட்டது. அன்றைக்கு வேறொரு போட்டு இழுத்துக்கொண்டு வந்ததால் ஆள் கரை சேர்ந்தான். அதற்குப் பிறகு வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து, கிழியாத வலையையும் தைத்துக்கொண்டிருந்தான்.

இந்தக் கரையில் பணம் வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. போட்டு வைத்திருக்கிறவன் மீன் வியாபாரியிடம் ஒரு தொகை வாங்குவான். அதற்கு வட்டி கிடையாது, கெடு கிடையாது. பிடிக்கிற மீன் முழுவதும் அந்த வியாபாரிக்கே போக வேண்டும், விலை மட்டும் அன்றன்றைய விலை. ஒத்துவராவிட்டால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம். அப்படி விலகியவனைத்தான் இதுவரை யாரும் பார்த்ததில்லை. தேசப்பனின் அப்பா கட்டுமரம் வாங்குவதற்காக மீன் வியாபாரி ஆண்டனியின் அப்பாவிடம் வாங்கிய பணம் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. கட்டுமரம் போய்விட்டது, வாங்கியவரும் போய்விட்டார், கொடுத்தவரும் போய்விட்டார். தேசப்பன் பிடிக்கிற மீன் மட்டும் ஆண்டனியின் தராசைத் தவிர வேறு தராசு கண்டதில்லை. வீட்டுக்கென்று ஒதுக்குகிற கறிமீன் ஒன்றுதான் அவன் இஷ்டம்.

அதனால் இன்ஜினுக்காக மறுபடி ஆண்டனியிடம் போய் நிற்க அவனுக்கு மனசில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் நாகராஜ், பொன்ராஜ் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தான். பொன்ராஜுக்குப் பாண்டி பஜாரை ஒட்டின தெருவில் பாத்திரக்கடை, கோட்டூர்புரத்தில் வீடு. சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெண்சாதி தங்கத்தோடு காவேரியின் பலகைக்கு வந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, பேரம் பேசி, சொன்ன விலைக்கே வாங்கிப் போகிறவர்.

காவேரி அப்போது ஊரில் இல்லை. பழவேற்காட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் ஷண்முகப்ரியாவின் குழந்தைக்குக் காது குத்து. திரும்பி வந்தபோது தேசப்பன் முகம் பளிச்சென்று இருந்தது.

"அண்ணாச்சி துட்டு குட்த்தாரு காவேரி. காசிமேட்டுல ஒரு இன்ஜின் பாத்துக்கினு வந்துட்டேன். செகண்டுதான், ஆனா சோக்கா கீது."

"பாத்திரக்கடைக்காரரு போட்டுக்கு எதுக்குய்யா துட்டு தர்றாரு?"

"நம்ப வூட்டு மேல அவருக்கு ஒரு கண்ணு. என்னிக்காச்சும் குட்த்தா அவருக்குத்தான் மொதல்ல குடுக்கணும். அவ்ளோதான். ஆண்டனி கணக்கு மாரிதான்."

"இன்னா வெல பேசுனீங்க?"

"அன்னிக்கு ரேட்டு ஒண்ணு சொன்னாரு. நானும் செரின்னேன். என்னிக்கு விக்கிறமோ அன்னிக்கு ரேட்டு வேற இருக்கும். அப்பப் பாத்துக்கலாம்."

காவேரிக்கு வீட்டின் பேர் அடிபட்டது பிடிக்கவில்லை. ஆனாலும் அவளும் அந்தக் கரையில் பிறந்தவள்தானே. பணம் கொடுத்தவன் கெடு சொல்லவில்லை, எழுதி வாங்கவில்லை, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்திருக்கிறான் என்றால் அது நிற்கிற பணம் என்றே அவளும் எடுத்துக்கொண்டாள். ஆடி கழியட்டும், ஆவணி பிறந்ததும் வருகிறேன் என்று அண்ணாச்சி சொல்லிப் போனாராம். மீன் தின்னத்தான் வருவார் என்று இருவரும் நினைத்தார்கள்.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்தார்கள். மெக்கானிக் இழுத்தடித்து, இன்ஜினைக் கழற்றி மாட்டிக் கொடுக்க ஆவணியாகிவிட்டது. முதல் ஞாயிற்றுக்கிழமை கருக்கலில் தேசப்பன் கற்பூரம் ஏற்றிப் போட்டைத் தள்ளினான். எத்தனையோ நாளைக்குப் பிறகு தன் வீட்டு இன்ஜின் சத்தம் கடலுக்குள் போய்த் தேய்வதைக் காவேரி வாசலில் நின்று கேட்டாள். வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

அன்றைக்கு வியாபாரம் சுறுசுறுப்பாக நடந்துகொண்டிருந்தபோது, வீட்டுப் பக்கம் போய்விட்டு வந்த அமீனா பீ சொன்னாள்: "காவேரி, ஒங்க வூட்டாண்ட அண்ணாச்சி வந்து டேப்பு புட்ச்சு அளந்துக்கினு கீறாரு. நாகராஜும் கீறான். இன்னா விசயம்?"

"தெர்லியே பீமா. பலகையப் பாத்துக்கோ."

கையைக் கழுவக்கூட நிற்காமல் ஓடினாள்.

டேப்பின் ஒரு முனையை நாகராஜ் வேலி ஓரத்தில் அழுத்திப் பிடித்திருந்தான். மறுமுனை அண்ணாச்சி கையில். தங்கம் ஈசானிய மூலை எதுவென்று சூரியனைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா காவேரி," என்றார் அண்ணாச்சி. "யாவாரத்துல இருப்பேன்னு கூப்பிடல. அளவு மட்டும் பாத்துட்டுப் போயிருவோம். புரட்டாசிக்கு முந்தி பத்திரத்தை முடிச்சிரணும்லா."

"இன்னா பத்திரம் அண்ணாச்சி?"

அண்ணாச்சி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் நாகராஜைப் பார்த்தார். நாகராஜ் டேப்பைப் பார்த்தான்.

"வீட்டுப் பத்திரம்தான். ஒங்க வீட்டுக்காரர் சொல்லலியா? ஆனி கடேசில முன்பணம் குடுத்து வெலய முடிச்சாச்சே."

"துட்டு குட்த்தீங்க, அது தெரியும். வூட்ட வித்தோம்னு யாரு சொன்னா?"

"ஏம்மா, வெத்தல வச்சுப் பணத்தைக் கையில குடுத்தா அதுக்கு வேற என்ன அர்த்தம்?" அவர் குரல் உயரவில்லை. ஆனால் முகம் சிவந்துவிட்டது. "எங்க பக்கம் பேச்சுத்தான் பத்திரம். அன்னைக்குச் சொன்ன வெலதான் வெல. நாளைக்கு ஏறுனாலும் எறங்குனாலும் பேசுனவன் மாறப்படாது. இதை நம்பி திருவான்மியூர்ல பேசி வச்சிருந்த மனையை வேண்டாம்னுட்டேன். இப்ப அதை வேறொருத்தன் வாங்கிட்டான்."

தங்கம் மெதுவாகச் சொன்னாள்: "எம்மா காவேரி, ஒன்ன எத்தனை வருசமாப் பாக்கேன். ஒரு நா கெட்ட மீன் குடுத்தவ இல்ல நீ. இதுல ஏன் இப்படிப் பேசுத?"

அந்தச் சொல் காவேரியைத் தைத்தது. பொய்க்காரி என்று நேராகச் சொல்லியிருந்தால்கூட எதிர்த்துப் பேசியிருப்பாள். நாகராஜ் நடுவில் புகுந்தான்.

"யக்கா, தொழில்ல ஒரு வழக்கம் கீது. அட்வான்ஸ் வாங்குனவங்க பேச்சு மாறுனா டபுளாத் திருப்பிக் குடுக்கணும். பேஜார் பண்ணாத. நல்ல ரேட்டுதான். இந்த ரேட்டுக்கு நீ—"

"நீ சும்மா இரு நைனா. ரெண்டு பேருக்கும் நடுவுல நின்ன நீ எங்காளுக்கு இத்த வெளங்கச் சொன்னியா?"

நாகராஜ் எப்படிச் சொல்லியிருப்பான்? அன்றைக்கு இரண்டு பக்கமும் தலையாட்டியபோது நமக்கென்ன என்று கமிஷனை நினைத்துக்கொண்டு நின்றவன் அவன்.

அப்போதுதான் கரையிலிருந்து தேசப்பன் வந்தான். உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட, கால்சட்டை தொடையில் ஒட்டிக்கிடக்க, தோளில் ஒரு வஞ்சிரம். அவன் கை நீளத்துக்கு இருந்தது. அண்ணாச்சியைக் கண்டதும் அவன் நடை ஓட்டமானது. வீட்டு வாசலில் ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் மீனைக் கிடத்தினான்.

"சரியான நேரத்துக்கு வந்துகீறீங்க அண்ணாச்சி. நானே கடைக்கு எட்த்துக்கினு வரலாம்னு இருந்தேன். ஒங்க துட்டுல வாங்குன இன்ஜின்ல புட்ச்ச மொத மீனு. கறிமீனுக்குன்னு இத்தத்தான் எட்த்தேன், ஆண்டனிகிட்டயும் சொல்ட்டேன். ஒங்களுக்குத்தான் மொதல்ல. வெல இன்னிக்கு ரேட்டு இன்னாவோ அது. நீங்களே சொல்லுங்க."

நாகராஜ் டேப்பின் முனையை விட்டுவிட்டான். டேப் தானாகச் சுருண்டு அண்ணாச்சி கைக்குள் போய் அடங்கியது. தேசப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"இன்னா காவேரி? இன்னா ஆச்சு?"

காவேரி சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் இறங்கிக்கொண்டே வந்தது. முடித்ததும் அவன் அண்ணாச்சியிடம் திரும்பினான்.

"நான் வூட்ட விக்கல அண்ணாச்சி. விக்கிற அன்னிக்கு ஒங்களாண்டதான் மொதல்ல வரணும்னு துட்டு குடுக்கிறீங்கன்னு நெனச்சேன். எங்களுக்கு அப்டித்தான் தெரியும். அம்மன் மேல சத்தியமா அப்டித்தான் நெனச்சேன்."

அண்ணாச்சி வெகுநேரம் அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மீன் பொய் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. வீட்டை விற்றுவிட்டு ஏமாற்ற நினைக்கிறவன் முதல் மீனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வருவானா? கோபப்பட வழியில்லாமல் போனது அவருக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

"தூக்குங்க தராசை," என்றார் கடைசியில். "எவ்வளவு வருது பாப்போம்."

காவேரி எடை போட்டு அன்றைய விலையைச் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவரும் பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தார். தங்கம் மீனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"செரி. தெரியாம நடந்தது நடந்துபோச்சு," என்றார் அண்ணாச்சி. "ரெண்டு மடங்கு பணம் எனக்கு எதுக்கு? இருக்கிறதையும் இப்பத் தர வேண்டாம். இன்ஜின் ஓடட்டும். பணம் கெடக்கட்டும். ஒங்க முறைப்படியே இருக்கட்டும். என்னைக்கு விக்கியளோ அன்னைக்கு மொத வார்த்தை எங்கிட்டச் சொல்லுங்க."

தேசப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரிய மன்சு அண்ணாச்சி ஒங்களுக்கு," என்று கும்பிட்டான். நாகராஜ்கூட மூச்சு விட்டான். பெருமாள் கோயில் தீபாராதனை முடிந்த மாதிரி எல்லார் முகமும் தெளிந்தது.

காவேரிக்கு மட்டும் தெளியவில்லை. கெடக்கட்டும் என்ற சொல் அவள் காதிலேயே நின்றது.

"இல்ல அண்ணாச்சி. அது கெடக்கக் கூடாது."

"ஏய், சும்மா இரும்மே," என்றான் தேசப்பன்.

"நீ இரு. அண்ணாச்சி, நீங்க நல்லவரு, அதான் இப்பவே சொல்றேன். எம்மாமனாரு வாங்குன துட்டு கெடக்கட்டும்னுதான் ஆண்டனி அப்பாரும் சொன்னாரு. அவரும் நல்லவருதான். நான் கழுத்து நீட்டி வந்த நாளா அந்தத் துட்டுக்கு மீனு எட்த்து வைக்கிறேன். அடுத்த தராசுல கூட வருதுன்னு தெரியும். கேக்க வாய் வராது. மீனு போனா நாளைக்கு வேற மீனு வரும். வூடு ஒண்ணுதான் கீது. அது மேல துட்டு கெடந்தா, நான் என் வாசல்லயே ஒங்க வூட்டு வாசல்ல நிக்கிற மாரி நிப்பேன்."

"எனக்கு அப்படிப் பாத்தியம் கொண்டாடுத எண்ணம் கெடையாதும்மா."

"ஒங்களுக்கு இல்ல. துட்டுக்கு இருக்கும்."

"அப்ப என்னதான் செய்யணுங்கே?"

காவேரி கரைப் பக்கம் கை காட்டினாள். மணலில் ஏற்றியிருந்த போட்டின் பின்னால் இன்ஜின் வெயிலில் பளபளத்தது. "அந்த இன்ஜின வித்து ஒங்க துட்டக் குட்த்துர்றோம்."

தேசப்பன் அவளை அடிக்கப் போகிறான் என்றுதான் நாகராஜ் நினைத்தான். அவன் அடிக்கவில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டான். "ஒரு நாளு," என்றான். "ஒரே ஒரு நாளு ஓட்டினேன்."

அண்ணாச்சியும் தங்கமும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். காவேரி அசையவில்லை. எந்த முகத்தோடு நின்றாளோ அவளுக்கே தெரியாது. அழுதால் தோற்றுவிடுவோம் என்று நின்றாள்.

பக்கத்துக் குப்பத்து மரியசெல்வம் ஒரு இன்ஜினுக்காக அலைந்துகொண்டிருந்தவன். அந்த வாரமே வந்து, இழுத்துக் கிளப்பிப் பார்த்து, எடுத்துக்கொண்டான். விலையில் குறைந்ததைக் காவேரி மீன் விற்றுச் சேர்த்துப் போட்டாள். இருவரும் பஸ் பிடித்துப் பாண்டி பஜாருக்குப் போய், கடையில் வைத்தே அண்ணாச்சி கையில் கொடுத்தார்கள். அவர் எண்ணாமல் கல்லாவில் போட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். தேசப்பன் டீயைக் குடித்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் முன்சீட்டில், அவள் பின்சீட்டில்.

மரியசெல்வம் போட்டுக்கே தேசப்பன் ஆளாகப் போனான். வேறு வழியில்லை, அந்த இன்ஜினின் குணம் தெரிந்தவனும் அவன்தான். பங்கு மட்டும் போட்டுக்காரன் பங்கிலிருந்து கூலியாள் பங்காக இறங்கியது. வீட்டில் பேச்சும் இறங்கியது. சோறு போடு, தண்ணி மோந்து வை என்பதோடு சரி. ராத்திரியில் காவேரி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். வீட்டைக் காப்பாற்றினோம் என்று ஒரு மனசு சொல்லும். புருஷனின் கையை ஒடித்துப் போட்டாயே என்று இன்னொரு மனசு கேட்கும். இரண்டும் உண்மைதான் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அண்ணாச்சி கொஞ்ச காலம் பலகைப் பக்கம் வரவில்லை. ஐப்பசி மழை நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கத்துக்குக் குடை பிடித்தபடி வந்து நின்றார்.

"பெருங்குடிப் பக்கம் ஒரு பிளாட் முடிச்சிட்டேன்," என்றார், யாரோ கேட்ட மாதிரி. "மூணாவது மாடி. கடலெல்லாம் தெரியாது. வெல ஏறும்னு சொல்லுதாங்க, பாப்போம்."

அமீனா பீயின் குடைக்குள் ஒண்டியிருந்த நாகராஜ் விடுவானா? "ஏறும் அண்ணாச்சி, ஆனா இங்க ஏறுற மாரி ஏறாது. போன வாரம் ஒரு பில்டர் வந்தாரு. இந்த வரிசைக்கு அவரு சொன்ன ரேட்டக் கேட்டா யக்கா மயக்கம் போட்டுருவாங்க."

"சொல்லாத நைனா," என்றாள் காவேரி. "யாவார நேரத்துல மயக்கம் போட முடியாது."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். பிறகு வழக்கம்போலச் செவுளைத் தூக்கிப் பார்த்தார். "என்னைக்காவது விக்கிற யோசனை வந்தா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "செரி. இந்த வவ்வால் மீன் என்ன வெல?"

அவள் சொன்னாள். அவர் பேரம் பேசினார். கடைசியில் அவள் சொன்ன விலைக்கே வாங்கினார்.

மரியசெல்வம் வேதக்காரன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவான், கடலுக்குப் போக மாட்டான். அதனால் தேசப்பனுக்கும் அன்றைக்கு ஓய்வு. ஓய்வு நாளில் மனுஷன் தூங்க வேண்டாமோ? அவன் ஒரு பழைய துணியையும் எண்ணெய்க் குப்பியையும் எடுத்துக்கொண்டு பக்கத்துக் குப்பத்துக்கு நடந்துவிடுவான். அன்றும் மழை விட்டதும் கிளம்பிப் போனான். காவேரி பலகையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, கையெல்லாம் கறுத்துப்போய் வாசலில் நின்றான்.

"தார்ப்பாயி மூடாம வுட்டுக்கீறான்," என்றான். எத்தனையோ நாளைக்குப் பிறகு தானாகப் பேசினான். "மழத்தண்ணி எறங்கிக்கீது. நல்ல வேள, போனேன்."

"இப்ப எப்டி கீது?"

"நல்லாக் கீது. ஒரே இழுப்புல கெளம்பிச்சு."

அவள் சோப்பு எடுத்துக் கொடுத்து, அவன் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள். கறுப்பு போகிறவரைக்கும் ஊற்றினாள்.

மறுநாள் விடியலில் குப்பம் முழுக்க இன்ஜின் சத்தம். போன போட்டெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. காவேரி பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். அத்தனை சத்தத்துக்கு நடுவில், தெற்கே தூரத்தில், அந்த ஒன்று அவளுக்குத் தனியாகக் கேட்டது. இப்போது அது மரியசெல்வத்தின் இன்ஜின். அவள் எழுந்துபோய் உலை வைத்தாள்.